சாம்பிள் ரூம் சித்ராதேவியும் இருநூற்றுப் பதினாலு படங்களும்

எங்கள் கையேட்டுக் குழுவில் இருக்கும் இந்துமதி ஈரோட்டிலிருந்து போனில் சொன்னாள். அவளுக்குச் சென்னைக் கூட்டத்தில் யாரோ சொன்னார்களாம், அவர்களுக்கு வேறு யாரோ.

"திருப்பூர்ல ஒரு பொண்ணுங்க. நம்ம கையேட்டுல தான் ஏத்துன படம் நூத்தம்பதையும் கோவத்துல அழிச்சுப் போட்டுப் போயிருச்சாமுங்க. யாரோ பகுப்பை மாத்திப்போட்டாங்கன்னு ரோசமாமா. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

தெரியும். அந்த 'யாரோ' நான்தான். ரோசம் என்பதும் பகுப்பை மாற்றியது என்பதும் பொய்.

இணையத்தில் நாங்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு தமிழ் இயற்கைக் கையேடு நடத்துகிறோம். பூச்சி, பறவை, செடி எதுவானாலும் யார் வேண்டுமானாலும் படம் ஏற்றலாம். ஏறுகிற படங்களைக் குடும்பம், பேரினம், இனம் என்று பகுப்புகளில் அடுக்குவதும், இனத்துக்கு ஒன்றைச் சான்றுப் படமாகத் தேர்ந்து வைப்பதும் என் வேலை. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று முழுக்க இதுதான்.

2008 தொடக்கத்தில் 'பெயர் தெரியாதவை' பகுப்பில் ஒரே ஆளிடமிருந்து இருநூற்றுப் பதினாலு அந்துப்பூச்சிகள் வந்து விழுந்தன. எல்லாம் கேமரா போனில் எடுத்தவை. பின்னணியில் ஒரே வெள்ளைச் சுவர். தலைப்புகள் விசித்திரமாக இருந்தன: 'கிரே மிலாஞ்ச் 1', 'கிரே மிலாஞ்ச் 2', 'எக்ரு', 'பாட்டில் கிரீன், லைட் ஷேடு'. எனக்குச் சிரிப்பு வந்தது. இவை பனியன் கம்பெனி ஷேடு கார்டில் இருக்கும் துணி நிறப் பெயர்கள் அல்லவா? நான் அவிநாசிக்காரி, அந்த அட்டைகளைப் பார்த்து வளர்ந்தவள். கையேட்டின் பேச்சுப் பக்கத்தில், ஏற்றியவரிடம் போன் நம்பர் கேட்டேன். தந்தாள்.

சித்ராதேவி உசிலம்பட்டிப் பக்கம். பிளஸ் டூ முடித்துத் திருப்பூர் வந்து, பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனியில், வெளிநாட்டு பையர்களுக்கு மாதிரி பீஸ் தைத்துக் காட்டும் சாம்பிள் ரூமில் ஏழு வருஷமாக இருந்தாள். படங்கள் அவள் எடுத்தவையல்ல. தம்பி அருண்பாண்டி எடுத்தவை. அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ராத்திரி டியூப்லைட்டுக்கு வந்த பூச்சிகள் விடிந்தபிறகும் காம்பவுண்டு சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெல் அடிப்பதற்குள் அவற்றைப் படம் எடுத்துவிட்டுத்தான் மிஷினில் உட்காருவான். முந்தின ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குண்டடம் பக்கம் போனவன் மேல் லாரி மோதிவிட்டது. போன் நொறுங்கிப் போயிற்று. உள்ளே இருந்த மெமரி கார்டு மட்டும் பிழைத்தது.

"அவன் பேரு கேட்டுக்கிட்டே இருப்பான்க்கா. இது என்னக்கா, இது என்னக்காம்பான். எனக்கென்ன தெரியும்? பூச்சிடா போடாம்பேன். இப்ப அதுக பேரைக் கண்டுபிடிச்சு ஒரு எடத்துல வரிசையா வச்சிரணும். அம்புட்டுத்தான்."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஞாயிறுதோறும் பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரம் உட்காருவாள். மற்ற நாட்களில் பூச்சிகளுக்கு நம்பர் போட்டு நோட்டில் எழுதி வைப்பாள். சாம்பிள் ரூமில் கூட வேலை செய்த வேலாத்தாள் அந்த நோட்டை எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு, பூச்சிக்குமா ஸ்டைல் நம்பர் போடறே? எந்த பையர் கண்ணு இதை எடுக்கறான்?" என்றாளாம்.

"ஜெர்மனிக்காரவுக கேட்டிருக்காகக்கா. ஆறு காலு, ரெண்டு கொம்பு. ஸ்லீவு மட்டும் நாலு."

"அட, துணி மிச்சமாகாது போ."

இதை என்னிடம் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தம்பி போனபிறகு சிரிப்பது எப்படியோ இருக்கிறது என்றும் சொன்னாள்.

நிறம் பார்த்துப் பூச்சியைப் பிரிக்கக் கூடாது என்று முதலில் நான் பாடம் எடுத்தேன். ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறத்தில் இருக்கும், ஒரே நிறத்தில் ஒன்பது குடும்பம் இருக்கும் என்றெல்லாம். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "செரிக்கா, ஆனா ஒண்ணுந் தெரியாதவுக எதை வச்சுத் தேடுவாக? கலரைத்தான?" என்றாள். அதனால் குடும்பப் பகுப்புகளுக்குப் பக்கத்திலேயே 'நிறம் வழி தேட' என்று ஒன்று திறந்தோம். பதினேழு நிறம், அத்தனையும் அவள் பிரித்தது. இன்றைக்கும் கையேட்டுக்கு வருகிறவர்கள் முதலில் திறப்பது அதைத்தான்.

எட்டு மாதத்தில் அறுபத்தோரு இனங்களுக்குப் பெயர் கிடைத்தது. கையேடு நிரம்பி வழிந்ததால் நான் ஒரு குறிப்பு எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். அந்த வாசகம் எனக்கு மனப்பாடம்: 'ஒரு இனத்துக்கு ஒரு சான்றுப் படம் போதும். கை, விரல் தெரியும் படங்கள் சான்றாகா. மிகுதியை ஏற்றியவர்களே நீக்கிவிடவும்.'

சித்ராதேவி நீக்கினாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து நூற்றைம்பத்து மூன்று படங்களை நீக்கினாள். மெமரி கார்டிலும் நீக்கினாள்.

சாம்பிள் ரூமில் அப்படித்தான். பையர் ஒரு பீஸைப் பார்த்துச் சரி என்று சீல் போட்டுவிட்டால், அதோடு தைத்த மற்ற பீஸ்களைக் கத்திரி போட்டுவிட வேண்டும். ஒன்று தப்பித் தவறி தையல் லைனுக்குள் போய்விட்டால் ஆர்டர் முழுக்க அதைப் பார்த்துத் தைத்துவிடுவார்கள். ஏழு வருஷமாக அவள் வெட்டியிருக்கிறாள், ஒரு தடவையும் பிசகியதில்லை. அதில் பயமும் இல்லை. ஏனென்றால் நாம் இங்கே எதை வெட்டினாலும் அதன் ஜோடி, கவுன்ட்டர் பீஸ், பையரிடம் பத்திரமாக இருக்கும்.

வருஷத் திதிக்கு அவள் அம்மா ஒச்சாயி ஊரிலிருந்து வந்திருக்கிறார். அருண்பாண்டி தன்னைப் படம் எடுக்க விடமாட்டான். வீட்டில் இருப்பது பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ, அதிலும் முன்னால் நிற்பவன் தலை பாதி முகத்தை மறைத்திருக்கும். ஆனால் பூச்சி எத்தனை பெரிசு என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் பக்கத்திலும் இடது கட்டைவிரலை வைத்து ஒரு படம் எடுப்பான். ஊசி ஏறி நகம் இரண்டாகப் பிளந்த விரல். அம்மா அதைத்தான் கேட்டார்.

"அவன் கையி இருக்குமே, அதைக் காட்டுடி."

மறுநாள் என்னிடம் பேசினாள். குரலில் பதற்றமே இல்லை. "அக்கா, நான் எடுத்துட்ட படம் பூராத்துக்கும் கவுன்ட்டர் உங்ககிட்ட இருக்கும்ல. அதுல வெரலு இருக்கறதை மட்டும் அனுப்பி விடுங்கக்கா. அம்மா புதன்கெழம ஊருக்குப் போகுது."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சர்வரைப் பார்த்துக்கொள்பவர் ஜெபக்குமார். நீக்கிய படங்கள் முப்பது நாள் இருக்கும், அப்புறம் போய்விடும் என்றார். நான் கேட்டது நாற்பத்தேழாவது நாள்.

இதை அவளிடம் சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. ஏதாவது வழி இருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பயம்தான். புதன்கிழமை வந்து போனது. ஒச்சாயி வெறுங்கையோடு பஸ் ஏறியிருப்பார்.

கடைசியில் சொன்னபோது சித்ராதேவி சாம்பிள் ரூமில் இருந்தாள். பின்னால் யாரோ ஷேடு கார்டு கேட்டார்கள், இருங்க தாரேன் என்றாள். பிறகு என்னிடம், "செரிக்கா. அந்த அறுபத்தியொண்ணும் சரியான பகுப்புலதான இருக்கு?" என்றாள்.

"இருக்கும்மா."

"அது போதும்க்கா."

அதற்குப் பிறகு அவள் கையேட்டுக்கு வரவில்லை. இரண்டு தடவை செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. அவள் திட்டியிருந்தால் நான் மறுபடியும் பேசியிருப்பேன் என்று நினைக்கிறேன். திட்டவில்லை. அப்படியே நான்கு மாதம் ஓடிவிட்டது.

இந்துமதி சொன்னதைக் கேட்டபின், அது பொய் என்று குழுவுக்கு எழுத உட்கார்ந்தேன். தேதிகள் வேண்டுமே என்று பழைய மெயில்களைப் புரட்டினேன். சந்தேகமான பூச்சிகளைக் கோவையில் பூச்சியியல் சொல்லித்தரும் ஒருவருக்கு அனுப்பிப் பெயர் கேட்பது வழக்கம். போன ஆடியில் அனுப்பிய ஒரு மெயிலில் நான்கு படங்கள் இணைப்பாக இருந்தன. 'அளவு தெரிவதற்காக விரலோடு அனுப்புகிறேன்' என்று நானே எழுதியிருக்கிறேன்.

திறந்தேன். மூன்று மங்கல். நான்காவதில் சாம்பல் நிறப் பூச்சி ஒன்று, பக்கத்தில் அந்த நகம், விரல் ரேகைகூடத் தெரிகிறது. அத்தனை நாளும் என் மெயில் பெட்டியில்தான் இருந்திருக்கிறது. தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சித்ராதேவியின் நம்பரைப் போட்டேன். அங்கே இப்போது ஞாயிறு பகல் பன்னிரண்டரை. மணி போய் நின்றது. மறுபடி போட்டேன். சாம்பிள் ரூம் நம்பருக்கும் போட்டுப் பார்த்தேன், லீவு நாள், எடுக்க ஆளில்லை. மூன்றாவது தடவையாக அவள் நம்பருக்கே போட்டிருக்கிறேன். ரிங் போகிறது.