அப்பா காத்திருந்த பத்திரிகை

எங்கள் அப்பா கோயம்புத்தூரில் ஒரு மில் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். நூற்பாலை இயந்திரங்களைப் பற்றிப் படிக்க வட இங்கிலாந்துக்குப் போனவர், பட்டத்தோடு ஒரு கால்பந்து கிளப்பையும் மனதில் கட்டிக்கொண்டு திரும்பினார். அப்பா இருந்தவரை அம்மா அதை "என் சக்களத்தி" என்றுதான் சொன்னார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கிளப் அது. "நம்ம தாத்தா மாதிரி ஆளுக, கண்ணு. சனிக்கிழமை மத்தியானம் சங்கு ஊதுனதும் நேரா மைதானத்துக்கு ஓடுவாங்க" என்பார் அப்பா. மரக் கேலரி எரிந்தது, ஊரே கூடி அதைத் திரும்பக் கட்டியது, போருக்குப் போன ஆட்டக்காரர்கள் பலர் திரும்பாதது என எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் தமிழில் எழுதிவந்தார். அவருடைய ஒரே மகளான எனக்கு ராமாயணம் பாதிதான் தெரியும். அந்தக் கிளப்பின் சரித்திரம் முழுக்கத் தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் மாண்ட்ரியலில் வேலை கிடைத்து, பியர்பொன்ட்ஸ் புறநகரில் வீடு வாங்கினோம். இங்கிலாந்தில் அப்பா தங்கியிருந்த வீட்டுக்காரம்மா அந்த ஊர்ப் பத்திரிகையைக் கப்பல் தபாலில் அனுப்புவார். வந்துசேர மூன்று வாரம் ஆகும். அப்பா அதைப் பிரிக்கும்வரை ஆட்ட முடிவை யாரும் சொல்லக்கூடாது. எங்கள் வீட்டுச் சட்டம் அது. ஒரு பொங்கலன்று அம்மாவின் தம்பி, லவால் நகரத்து டாக்டர் மாமா, ரேடியோவில் கேட்டதை வாய் தவறி உளறிவிட்டார். பத்திரிகை வரும்வரை அப்பா அவரோடு பேசவே இல்லை! பனியில் அத்தனை தூரம் காரோட்டி வந்த மனிதர், பாவம்.

சென்ற வருடம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கிளப்புக்கு அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் முதல் டிவிஷனிலிருந்து இறக்கிவிடுவார்கள். பத்திரிகை வரும் அந்த மூன்று வாரம் அப்பாவுக்கு இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. முதன்முறையாக அவரே சட்டத்தை மீறினார்.

"என்னாச்சு, கண்ணு? சொல்லிரு."

தோற்றுவிட்டார்கள் என்று மாமா சற்று முன்புதான் வராந்தாவில் என்னிடம் சொல்லியிருந்தார்.

"ஜெயிச்சுட்டாங்கப்பா. ரெண்டு கோல்."

அப்பா சிரித்தார். "நோட்டுல இப்ப எழுதாதே. பேப்பர் வரட்டும்." இரண்டாம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் பத்திரிகை வந்தது. உண்மையை எழுதலாம் என்று நீல நோட்டை எடுத்துப் புரட்டினேன். முன்பொரு முறை கிளப் கீழே இறங்கியதைப் பற்றி அப்பாவின் கையெழுத்தில் இருந்தது: "இறங்கிய வருடம். முதல் ஆட்டத்துக்கு என்றும் இல்லாத கூட்டம். ஜெயித்தபோது வராதவர்கள்கூட வந்தார்கள்."

ஐயோ, இதை எழுதியவரிடமா பொய் சொன்னேன்! அவர் தாங்கியிருப்பார். நான்தான் தாங்கமாட்டேன் என்று பயந்தேன். மன்னித்துவிடுங்கள் அப்பா, நம் ஆட்கள் தோற்றுவிட்டார்கள்.

கார் ஓட்டத் தெரியாத அம்மாவை வாராவாரம் ஜான்-டலோன் சந்தைக்கு அழைத்துப்போகும் மாமாவுக்கும், குளிர்காலம் முழுக்கக் கேட்காமலே எங்கள் வாசலில் பனி அள்ளிய பக்கத்து வீட்டு பிரெஞ்சுக்காரருக்கும், இன்றும் பத்திரிகை அனுப்பும் வீட்டுக்காரம்மாவுக்கும், அந்த நாட்களில் சாம்பாரும் சாதமுமாகத் தூக்கிவந்த உங்கள் எல்லோருக்கும் அப்பாவின் இந்த முதல் நினைவு நாளில் எங்கள் நன்றி. இந்த வீட்டில் அவ்வளவு கூட்டத்தை அப்பா பார்த்ததில்லை. நாங்கள் இறங்கிய வருடத்தில் நீங்கள் வந்தீர்கள்.