அவருக்கு மிஞ்சிய ஒரு சொல்

பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபின் என் கணவருக்கு மிஞ்சியது, ஆமென்பதற்கு நாங்கள் சொல்லும் "ஓம்" என்ற ஒரு சொல்தான். எதைக் கேட்டாலும் அதுவே பதில். ஷெல்லடியால் புத்தூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஓடாத மாதத்தில் அவருக்குப் பயிற்சியை நானே கொடுத்தேன். வழங்காத வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கி, "நோகுதோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ஓம்தான்" என்று இன்னும் தூக்கினேன். அவர் கண் கலங்கியதையும் நோயால்தான் என்று நினைத்தேன்.

பஸ் ஓடத் தொடங்கியதும் போனோம். பிசியோதெரபி மிஸ் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"மூட்டு விலகீட்டுது. இவர் ஒண்டும் சொல்லேல்லையோ, அக்கா?"

"சொன்னவர்" என்றேன்.

இப்போதும் "நோகுதோ?" என்று கேட்டுக் கேட்டுத்தான் கையைத் தூக்குகிறேன். "ஓம்" என்றதும் இறக்கிவிடுகிறேன். அவர் ஒரு நாளும் வேறு பதில் சொன்னதில்லை.