தொண்ணூற்றில் எத்தனை நூறு

எட்டாம் தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு சமைக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் நான்காம் தரத்து டீச்சர் சமையல் கொட்டிலுக்கே வந்து, "வேலை முடிஞ்சா கணக்குல பின்னுக்கு நிக்கிற பிள்ளைங்களோட கொஞ்சம் உக்காருங்களேன்" என்றார். சரி என்றுவிட்டேன். பிழையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால்? மகளின் பழைய கணக்குக் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு கழித்தலையும் வீட்டில் மூன்று தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் போவேன். மூன்று தடவையும் ஒரே விடை வந்தாலும் நாலாவது தடவை செய்யச் சொல்லும் மனம்.

ஐந்து பிள்ளைகள். நாலு பேர் மெல்ல ஏறி வந்துவிட்டார்கள். மேல் லயத்து வீட்டுப் பிள்ளை ஒருத்திதான் அசையவில்லை. வெள்ளிக்கிழமைகளில் டீச்சர் பத்துக் கணக்கை வாயால் சொல்ல, பிள்ளைகள் கேட்டு எழுத வேண்டும். இவள் ஒன்றிரண்டு எழுதுவாள். ஒன்று பிழைத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்ததும் பென்சிலை வைத்துவிடுவாள். மிச்சத் தாள் வெறுமையாக இருக்கும்.

"இன்னைக்கும் முட்டையாடி? பொரிச்சுக் குடு" என்று ஒருவன் கேட்பான். வகுப்பே சிரிக்கும்.

ஒரு திங்கட்கிழமை டீச்சர் என்னிடம், "இவள படிப்பு ஏறாத பிள்ளைங்களுக்குனு கண்டி டவுன்ல இருக்கிற விசேட கல்வி அலகுக்கு அனுப்பச் சொல்லி எழுதிட்டேன். புதன்கிழமை அதிபர் கையெழுத்து வைப்பாரு" என்றார். நல்லது நினைத்துத்தான் சொன்னார். ஆனால் டவுனுக்குப் போக பஸ்ஸில் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். தாய் காலையிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். யார் கூட்டிப் போவது? பிள்ளை வீட்டில்தான் நிற்கும். 'கொஞ்ச நாளைக்கு' என்று சொல்லி வீட்டில் நின்றவள்தான் நானும்.

அன்றைக்கே அவளைத் தனியாக இருத்தினேன். கரும்பலகையில் என் எழுத்து கோணும் என்பதால், கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குகளை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். 95இலிருந்து 38 போக 57. எனக்கு நம்ப முடியவில்லை. செவ்வாய்க்கிழமை அதே கணக்குகளை டீச்சர் மாதிரி வாயால் சொன்னேன். தொண்ணூற்றைந்திலிருந்து முப்பத்தெட்டைக் கழி என்றதும் 867 என்று எழுதினாள்.

அப்படியானால் நேற்று செய்ததெல்லாம் குருட்டு வாக்கா? பிறகுதான் விடைக்கு மேலே இருந்த வரியைப் பார்த்தேன். அவள் எழுதியிருந்தது 905. அதிலிருந்து 38ஐ நானே கழித்துப் பார்த்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. 867தான். நடுவில் பூச்சியம் வந்தால் நானே தடுமாறுவேன். அவள் அதையும் தாண்டிப் போயிருந்தாள்.

"முன்னூத்தஞ்சு எழுது கண்ணு." 305.

"நானூத்தஞ்சு." 405.

"தொண்ணூத்தஞ்சு?"

"அதான் எழுதிட்டேனே அத்த!" அவளுக்குக் கோபம். "தொண்ணூறு, நூறுனுதானே முடியுது."

"அப்ப தொள்ளாயிரம்?"

"அது ஆயிரத்துக்கும் மேல. அத இன்னும் எங்களுக்குப் படிச்சுக் குடுக்கல."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, எண்பத்தொன்பதை எழுதி அடுத்த எண்ணையும் எழுதச் சொன்னேன். 89 என்று எழுதினாள். "தொண்ணூறு" என்று வாய் சொன்னது. 9 போட்டாள், ஒரு பூச்சியம் போட்டாள், அடுத்த பூச்சியத்துக்குப் போன கை அப்படியே நின்றது.

"ஒன்னுதானே கூடணும்?"

"ஆமா."

"அப்ப இம்புட்டு சின்ன நம்பருக்கு எதுக்கு நூறுனு பேரு வச்சாங்க?"

"தெரியலம்மா. அந்தப் பேரு பொய் சொல்லுது. 900க்குத்தான் தொள்ளாயிரம்னு பேரு. நீ ஏமாறாத."

புதன்கிழமை அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே டீச்சரிடம் போனேன். எட்டாம் தரம் படித்தவள் டீச்சருக்குச் சொல்வதா என்று படி ஏறும்போதே தோன்றியது. அப்படியும் போய், தொண்ணூறு என்று சொன்னால் அவள் 900 என்று எழுதுவதைச் சொன்னேன்.

"ஒரு நம்பர் பிழைச்சதுக்கா பேப்பரெல்லாம் வெறுமையா கிடக்குது?" என்று கேட்டார்.

"ஒன்னு பிழைச்சதும் பயந்து நிப்பாட்டிடுறா டீச்சர். அந்தப் பயம் எனக்குத் தெரியும். நீங்களே வாயால சொல்லிப் பாருங்க. நான் வெளியில நிக்கிறேன்."

வகுப்பு தொடங்கியதும் ஐந்து கணக்குச் சொன்னார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது கணக்கில் அவள் தலையை நிமிர்த்தி, "டீச்சர், தொண்ணூறா தொள்ளாயிரமா?" என்று கேட்டாள். பையன்கள் சிரித்தார்கள். அவள் பென்சிலை வைக்கவில்லை.

நாலு சரி, ஒன்று பிழை. டீச்சர் தாளைத் திரும்பவும் ஒரு தடவை சரிபார்த்தார். பிறகு அதிபருக்குப் போகவிருந்த கோப்பிலிருந்து படிவத்தை உருவித் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"தவணை முடியட்டும், பாப்போம். அதுவரைக்கும் ஒருநாளும் தவறாம இவளோட உக்காருவீங்களா?"

"உக்காருவேன்."

பிழைத்த கணக்கை வாங்கிக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். "வா, இதுல எங்க வழுக்குச்சுன்னு பாப்போம்."