பலகை கேபின் மேல் ஏறிய கதை

நம் வண்டியின் முன்பக்கத்தில், ரேடியேட்டர் கிரில்லுக்கு இரண்டு ஓரத்திலும் போல்ட் போட்ட ஓட்டைகள் சும்மா கிடக்கின்றன. அண்ணாமலையார் பெயர் எழுதிய தகரப் பலகையோ கேபினுக்கு மேலே, ஆள் ஏறித் துடைக்க வேண்டிய உயரத்தில் நிற்கிறது. ஊரில் பாதி வண்டிக்கு மூஞ்சியில் இருப்பது நமக்கு மட்டும் ஏன் தலையில் என்று நீங்கள் இரண்டு பேரும் சின்ன வயதில் கேட்டீர்கள். “அம்மாவைக் கேளுங்க” என்றேன். அம்மா, “அப்பாவைக் கேளுங்க” என்றாள். இப்போது எழுதிவிடுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆன பிறகு ஊருக்குள் பஸ்ஸும் வேனும் ஜாஸ்தியாகின. பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டமும் வருஷா வருஷம் பெருகியது. ஓடுகிற வண்டி ஜாஸ்தியானால் நடுவழியில் நிற்கிற வண்டியும் ஜாஸ்தியாகத்தானே வேண்டும்? நின்றுபோன வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் விடுவதை ‘டோச்சன்’ என்போம். அதற்கென்றே ஒரு வண்டி வைத்தால் பிழைக்கலாம் என்று எனக்குப் பட்டது. நானும் உங்கள் மாமாவும், அதாவது அம்மாவின் அண்ணன், கூட்டாகச் சேர்ந்து மிலிட்டரி ஏலத்தில் கழித்துவிட்ட பிக்கப் ஒன்றை எடுத்தோம்.

ஜீப்பின் முகம், லாரியின் தோள். நான்கு சக்கரமும் இழுக்கும். சுமை தாங்க ஸ்பிரிங்குக்குக் கூடுதல் கமான் பட்டை போட்டு, பின்னால் சேசிஸோடு தடித்த இரும்புத் தகட்டை வெல்டிங் வைத்து, அதில் கொக்கி மாட்டினோம். எஞ்சின் பெட்ரோலைக் கண்டபடி குடித்ததால் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினோம். டீசல் எஞ்சின் ஏற்றிய அதே வாரத்தில்தான் உங்கள் அம்மா அந்தப் பலகையையும் கொண்டுவந்தாள். நல்லபடி எஞ்சின் உட்கார்ந்துவிட்டால் சாமி பெயரை வண்டியில் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தாளாம். மலையும், உச்சியில் தீபமும், கீழே ‘அண்ணாமலையார் துணை’ என்று பெரிய எழுத்தும். கிரில்லை ஏறக்குறைய முழுசாக மூடும் அளவு. ராஜகோபுரத்துக்கு எதிரே நிறுத்தி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, பூசணிக்காய் உடைத்து அவளே மாட்டிவிட்டாள். “இது இல்லாம வண்டி ஓர் அடி நகரக்கூடாது” என்றாள். நானும் சரி என்றேன். எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

அதற்கப்புறம் வண்டி கொதிக்க ஆரம்பித்தது.

காலி வண்டியாக ஓட்டினால் ஒன்றும் இல்லை. வேலூர் வரை போய் வரலாம். ஆனால் பின்னால் ஒரு வேனையோ லாரியையோ கட்டிக்கொண்டு மெதுவாக வந்தால் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி ஏறும். திண்டிவனம் ரோட்டில் ஊருக்குள் நுழைகிற ரயில்வே கேட் இருக்கிறதே, அதுதான் எங்களுக்கு எமன். கேட் மூடியிருக்கும். வரிசையில் நிற்க வேண்டும். திறந்ததும் சுமையோடு முதல் கியரில் மேடேற வேண்டும். அங்கே ரேடியேட்டர் மூடியிலிருந்து உஸ்ஸென்று ஆவி கிளம்பும். முன்னால் இருப்பது தண்டவாளம், பின்னால் ஹாரன் அடிக்கும் ஊர். இழுக்க வந்த வண்டியையே தள்ளிவிட ஆள் கூப்பிட வேண்டிய கேவலம்.

கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த டீக்கடைக்காரருக்கு எங்களைக் கண்டாலே குஷி. “இன்னாப்பா, கஞ்சி காய்ச்சிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தருவார். ஒருநாள் பலகையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நம்மூரு சாமியே நெருப்பு. அவர கொண்டாந்து தண்ணி டேங்குக்கு முன்னாடி குந்த வெச்சா கொதிக்காம இன்னா பண்ணும்?”

நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமியை வைத்தா விளையாடுவது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு தண்ணீரை ஊற்றினேன்.

உங்கள் மாமா நல்லவர்தான், ஆனால் பொறுமை கம்மி. ஒரு கார்த்திகை மாசம், தீபத்துக்கு வந்த சுற்றுலா பஸ் ஒன்றை இழுத்து வரும்போது அதே கேட்டில் நின்றுவிட்டோம். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி, மூட்டை முடிச்சோடு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தே போனார்கள். மாமா ரோட்டோரத்தில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்:

“மாப்ள, போதும். நான் காயலாங்கடைக்காரன்கிட்ட பேசிட்டேன். இரும்பு வெலைக்கு எடுத்துக்கறேன்றான்.”

“எஞ்சின் புதுசு மச்சான். எங்கியோ ஒரு சின்ன கோளாறு. கண்டுபிடிச்சிருவேன்.”

“இதத்தான் போன ஆடிலயும் சொன்ன. ஊரே சிரிக்குது. இன்னொரு தடவ நடு ரோட்டுல நின்னுச்சுன்னா அங்கியே வித்துருவேன். அப்பால நீ என்னக் கேக்கக்கூடாது.”

“சரி மச்சான். இன்னொரு தடவ நின்னா நானே ஓட்டிட்டுப் போயி விட்டுடறேன்” என்று கையடித்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வண்டி போனால் நான் மறுபடியும் வேறொருவர் லாரிக்கு டிரைவராகப் போக வேண்டும். வாரக்கணக்கில் வீட்டுக்கு வராத அந்த வேலைக்குத் திரும்பக் கூடாது என்றுதான் இதை எடுத்ததே. ஆகவே, இது தோற்காது, தோற்க விடமாட்டேன் என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

மெக்கானிக் சொன்னதையெல்லாம் செய்தோம். ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்க்குக் குழாய் கம்பி விட்டு அடைப்பு எடுத்தோம். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கினோம். வாட்டர் பம்பை மாற்றினோம். ஃபேன் பெல்ட் வழுக்குகிறதா என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டரில் குமிழி வரும் என்பார்கள். மூடியைத் திறந்துவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மீன் பிடிக்கிறவன் மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். குமிழி இல்லை. ஆயிலும் நிறம் மாறவில்லை. ஊசி மட்டும் முன்போலவே ஏறியது, ரோட்டில் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டதுதான் மிச்சம். எல்லாரும் கடைசியில் கையை விரித்து, “எஞ்சின் மாத்துனதுதான் ஒத்துக்கல” என்றார்கள். எஞ்சினுக்கு முன் கொதிக்கவில்லை, எஞ்சினுக்குப் பின் கொதிக்கிறது. நானும் அதை நம்ப ஆரம்பித்திருந்தேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும், முதல் காரியமாகப் பலகையைத் திரும்ப மாட்டி, கற்பூரம் காட்டி, அப்புறம்தான் வண்டியை ஓட்டிப் பார்ப்போம். மெக்கானிக்கும் அதே பழக்கம் உள்ளவர். யாருமே ஒருநாளும் பலகை இல்லாமல் ஓட்டிப் பார்க்கவில்லை.

அது மல்லாட்டைக் காலம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை உடைக்கிற மில் ஒன்றின் களத்தில் டிராக்டர் டிரெய்லர் சேற்றில் புதைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். மில் ஓடிக்கொண்டிருந்தது. உடைத்த தோல் காற்றில் பறந்து தலை, சட்டை, வாய் எல்லாம் அப்பியது. எஞ்சினை அணைக்காமல் நெடுநேரம் முன்னும் பின்னும் இழுத்து டிரெய்லரை வெளியே எடுத்தோம். ஊசி பாதிக்கு மேல் போய்விட்டது. நல்லவேளை, இருந்தது களம், ரோடு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ரேடியேட்டரில் ஒட்டியிருக்கும் தூசியைக் கழுவலாம் என்று பலகையைக் கழற்றினேன். கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ரேடியேட்டரின் ஓரங்களில் மட்டும், பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல் அகலத்தில், செக்கச் செவேலென்று மல்லாட்டைத் தோல் அப்பியிருந்தது. நடுவில் ஒரு துளி இல்லை. துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி சுத்தம். சுத்தமாக இருப்பதைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு ஜில்லென்று ஆனது. என் மூக்குக்குள்ளேயே தோல் போயிருக்கிறது. காற்றை இழுக்கிற ஃபேனுக்கு முன்னால் இருக்கும் ரேடியேட்டரில் மட்டும் ஏன் ஒட்டவில்லை? காற்று அங்கே போகவே இல்லை.

உங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன். பலகை கீழே கிடப்பதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“இன்னாங்க இது? சாமிய தரையில வெச்சிருக்கீங்க?”

“நில்லு. திட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டறேன்.”

எஞ்சினைப் போட்டேன். பழைய பேப்பர் ஒன்றை எடுத்து ரேடியேட்டர் முன்னால் பிடித்தேன். சொடுக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தாலும் விழவில்லை. பிறகு பலகையைத் தூக்கி அதன் இடத்தில் வைத்து, அதன்மேல் பேப்பரைப் பிடித்துக் கையை விட்டேன். பேப்பர் காலடியில் விழுந்தது. அவள் பேப்பரைப் பொறுக்கி, என்னைப் பலகையை விலக்கச் சொல்லி, தானே ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். ஒட்டியது. மறுபடியும் பலகை. விழுந்தது.

“அப்ப இத்தினி நாளு என்னாலதான் கொதிச்சுதா?” என்றாள்.

“உன்னாலயும் இல்ல, சாமியாலயும் இல்ல. மாட்டின எடம் தப்பு. அவ்ளோதான்.”

“பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதுமேல இம்மாம் பெரிய மாலை வேற போட்டனே.”

போட்டாள். பௌர்ணமி அன்று வண்டி சீக்கிரமே கொதிப்பதற்குக் கூட்டத்தைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

“பின்னாடி மாட்டிரலாமா?” என்று கேட்டேன். “டோச்சன் கொக்கிக்கிட்டயா? கிரீஸும் சேறும் படற எடத்துலயா?” என்று கண்ணை உருட்டினாள். கேபினுக்குள் மாட்ட இடமும் பத்தாது. கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் வாசலில் இருந்து மலை முழுசாகத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்புறம் சொன்னாள்:

“கீழ எறக்காதீங்க. மேல ஏத்துங்க. அவரு இருக்கறதே மேலதானே.”

அவளே பலகையைக் கழுவி, குங்குமம் வைத்து, தலைக்கு மேல் தூக்கிக் கொடுத்தாள். நான் கேபின் மேல் இரண்டு இரும்பு ஆங்கிள் வைத்து முடுக்கினேன். முன்னால் இருந்த போல்ட்டுகளையும் அவள்தான் கழற்றச் சொன்னாள். இருந்தால் யாராவது எதையாவது மாட்டிவிடுவார்களாம்.

மாமாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. “தகரத்தக் கழட்டுனா சரியாயிடுமா? பம்பு மாத்தியே சரியாவல” என்றார். சோதனைக்கு நாங்கள் தேடிப்போகவில்லை, அதுவாகவே வந்தது. அதே மல்லாட்டை மில்லில் இருந்து ஆள் வந்தான். லாரிக்கு கியர்பாக்ஸ் போய்விட்டது, பாதி மூட்டையை இறக்கியாயிற்று, மீதியோடு திருவண்ணாமலைப் பட்டறைக்கு இழுக்க வேண்டும். அதுவரை நாங்கள் இழுத்ததிலேயே பெரிய சுமை அது.

“நானும் வரேன்” என்றார் மாமா. “நிக்கற எடத்துலயே முடிச்சிக்கலாம்.” தண்ணீர்க் கேன் ஒன்றை நிரப்பி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஏறினார். லாரியில் அதன் டிரைவர் பிரேக்குக்கு உட்கார்ந்தார். சங்கிலிக்குப் பதில் இரும்புக் கம்பி போட்டுக் கட்டினோம்.

உச்சி வெயில். வழி நெடுக மாமா ரோட்டைப் பார்க்கவில்லை, ஊசியைத்தான் பார்த்தார். ஊசி ஏறியது, பாதிக்குக் கீழே நின்றது. “வெளி ரோடுதானே” என்றார். ஊர் நெருங்கியது. கேட் மூடியிருந்தது.

வரிசையில் நின்றோம். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்து ஜெயித்தால் அது ஜெயிப்பே இல்லை. ரயில் வருவதாகவே காணோம். ஊசி மெதுவாகப் பாதிக்கு வந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாமா கேன் மூடியைத் திருகித் தளர்த்தி வைத்துக்கொண்டார். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே குடத்தோடு வந்து நின்றார்.

ரயில் போனது. கேட் திறந்தது. முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டேன். கம்பி இறுகி லாரி ஒரு குலுக்கு குலுக்கியது. வண்டி உறுமிக்கொண்டு மேடேறியது. முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது, லாரியும் தடதடவென்று தாண்டியது. ஊசி பாதியில் இருந்து ஒரு நூல் அசைந்து அங்கேயே நின்றது. ஆவி இல்லை, உஸ் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். டீக்கடைக்காரர் நிரம்பிய குடத்தோடு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் மாமா மடியில் இருந்த கேனைத் தூக்கி, ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். பாதியை என்னிடம் நீட்டினார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“காயலாங்கடைக்காரன் வந்தான்னா, மச்சான் ஊர்ல இல்லன்னு சொல்லிடு மாப்ள.”