இரவல் டிரம்

ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் குட்டி எந்திர வண்டி நடைபாதையில் கிடந்த பெட்டியை நோக்கி ஊர்ந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் மதுக்கடையிலிருந்து வெளியேற்றப்பட்ட நாங்களும், எதிர்ச்சாரியில் செருப்புக் கடை வைத்திருந்தவரும், முடியைக் குத்திட்டு நிற்கவைத்திருந்த பங்க் இசைக்குழுப் பையன்கள் நால்வரும் நின்றோம். நால்வரில் ஒருவனான ஃபெர்கல் முகத்தைக் கைகளால் மூடியிருந்தான்.

"அது வெறும் டிரம்முங்க," என்று விரலிடுக்கு வழியே சிப்பாயிடம் மறுபடி சொன்னான்.

"எல்லாரும் அப்படித்தான் ஏதாவது சொல்றாங்க," என்றான் சிப்பாய்.

வண்டி பெட்டியை வெடிக்கவைத்தது. பெட்டியின் மூடி செருப்புக் கடைப் பெயர்ப்பலகை வரை எழும்பி விழுந்தது. வளைந்த மரச்சட்டம் ஒன்று உருண்டு வந்து சாக்கடை ஓரம் சாய்ந்தது.

எங்கள் கடை வாசலைப் பார்த்துக்கொள்ளும் எட்னா மவினி ஃபெர்கலின் கையை முகத்திலிருந்து இழுத்தாள். "பெல்ஃபாஸ்ட்ல பொறந்து வளந்தவன் எவனாவது நடைபாதையில பெட்டிய வச்சுட்டு சிப்ஸ் வாங்கப் போவானாடா?"

"பசிச்சுது மிஸஸ்."

"பெட்டி மேல உக்காந்துக்கிட்டு இன்னொருத்தன அனுப்பணும். உங்கம்மா இத உனக்குச் சொல்லித் தரலையா?"

"நம்ம குழு போட்டதிலேயே இதுதான் நல்ல சத்தம்," என்றான் கிதார் வாசிக்கும் ட்ரெவர். ஃபெர்கல் அவனைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

முதலாளி டியர்னி சிரிக்கவில்லை. "எட்னா, திங்கக்கிழமை கம்பளக் கடைக்காரனுக்கு நான் பதில் சொல்லியாகணும். மாடிய கிடங்குக்குக் கேக்கறான். இன்னைக்கு ஒரு சனிக்கிழமை உனக்குன்னு சொன்னேன். அதுவும் போச்சு."

"நாலு மணிக்குத்தானே கச்சேரி," என்றாள் எட்னா. "போகல."

அப்போது ஒரு மணி தாண்டியிருந்தது.

எழுபத்தெட்டாம் வருட வசந்தம் அது. மாலையில் கடைகள் அடைத்ததும் நகரின் நடுப்பகுதி காலியாகிவிடும். பேருந்துகள் நின்றுவிடும். தெருமுனைகளில் குண்டுச் சோதனைக்கு இரும்புக் கதவுகள். அதனால்தான் எட்னா மதியக் கச்சேரி கேட்டாள். பிள்ளைகள் வெளிச்சத்தில் வந்து வெளிச்சத்தில் வீடு போகலாம்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளியை விட்டதும் நூற்பாலைக்குப் போனவள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வளர்ந்தாள். ஆலை மூடியபோது அவளிடம் மிச்சம் இருந்தது மூட்டுவலியும் பாதிச் செவிட்டுக் காதுகளும். டியர்னியின் கடையில் முதலில் தரை துடைத்தாள், பிறகு வாசல் அவள் பொறுப்பானது. எங்கள் வாசலில் கம்பிக் கூண்டு உண்டு. வருகிறவர் மணியடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் முகம் பார்த்துத் திறக்க வேண்டும். மற்றக் கடைகளில் பெயர் கேட்பார்கள், எந்தப் பள்ளி என்று கேட்பார்கள். இரண்டு கேள்வியில் கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா, எந்தத் தேவாலயம் என்பது தெரிந்துவிடும். எட்னா எதையும் கேட்பதில்லை, கண்ணில் பட்டதை வைத்துக் கூப்பிடுவாள். "சங்கிலி, உள்ள வா," "பச்சைத்தல, ஷூவத் துடைச்சுட்டு வா," என்பாள். அப்படித்தான் ஊரின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அந்த மாடிக்குப் பாட்டு ஒத்திகைக்கு வந்து சேர்ந்தார்கள். கீழே மது ஊற்றிக்கொண்டு நிற்கும் என் தலைமேல் கூரை அதிரும். "காது வலிக்கலையா?" என்று கேட்டால், "எனக்கு இந்தச் சத்தம் சரியா கேக்குது, மத்ததுதான் கேக்கல," என்பாள்.

ஒரே மகனுக்குப் பதினெட்டு வயதில் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பியவள் அவள். இங்கே சனிக்கிழமை போவதற்கு ஓர் இடம் இல்லை, இருந்தது தெருமுனைதான், தெருமுனையில் நின்றவர்களை துப்பாக்கி தூக்கும் யார் யாரோ தங்கள் குழுவில் சேர்த்துக்கொண்டு போனார்கள். இதை அவள் ஒரே ஒருமுறை சொன்னாள், குவளை கழுவிக்கொண்டே.

அன்று மேல்கோட்டு மாட்டிக்கொண்டு அவள் நேராகப் போனது தம்பி வெஸ்லியிடம். என்னையும் தூக்குவதற்கு அழைத்துப் போனாள். வெஸ்லி தன் புராட்டஸ்டண்ட் பேட்டையின் ஊர்வலப் புல்லாங்குழல் அணியில் பெரிய டிரம் அடிப்பவன். மறுநாள் தேவாலய ஊர்வலம் என்பதால் கூடத்தில் டிரம்மைத் துடைத்து மெழுகு போட்டுக்கொண்டிருந்தான். தோலின் ஒரு பக்கம் முழுக்க, ஏறத்தாழ முந்நூறு வருடம் முன்பு கத்தோலிக்க மன்னரைப் போரில் வென்ற மன்னர் வில்லியம், வெள்ளைக் குதிரை மேல் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார். மறுபக்கம் அணியின் பெயர்.

"சாயங்காலம் வரைக்கும் கொடு தம்பி," என்றாள் எட்னா.

"எதுக்குக்கா?"

"பசங்க கச்சேரிக்கு. அவங்களோடத ராணுவம் வெடிக்க வச்சுடுச்சு."

வெஸ்லி துணியைக் கீழே வைத்தான். "யார் அடிக்கப் போறது?"

"ஒரு பையன்."

"பேரு?"

எட்னாவுக்குச் சொல்வதற்கு எத்தனையோ பெயர்கள் இருந்தன. ட்ரெவர் என்று சொல்லியிருந்தால் பொய்யும் பாதிதான் ஆகியிருக்கும்.

"ஃபெர்கல்," என்றாள். கேட்டதும் கத்தோலிக்கன் என்று தெரிந்துவிடும் பெயர்.

வெஸ்லி என்னைப் பார்த்தான். நான் சன்னலைப் பார்த்தேன்.

"கோலாலதானே அடிப்பான்?"

"சின்னதுகள கோலால. பெருச காலால. மிதிகட்டை மாதிரி ஒண்ணு வச்சிருக்கான்."

"காலாலயா? அக்கா, ஃபெர்கல்னு பேரு உள்ளவன் ராஜாவ காலால உதைக்கணும், அதுக்கு நான் டிரம்ம மெழுகு போட்டுக் கொடுக்கணும். அப்படித்தானே?"

"ராஜா முன்னாடி இருப்பாரு. உதை பின்னாடி, உங்க அணி பேரு மேலதான் விழும்."

"அது இன்னும் நல்லாருக்கு."

"வெஸ்லி, அந்த மாடி கம்பளக் கிடங்காப் போச்சுன்னா இந்தப் பசங்க திரும்பத் தெருவுல நிப்பாங்க. உங்க தெருவுலயும் நிப்பாங்க. என் பையன் எங்கன்னு உனக்குத் தெரியும்."

அவன் மெழுகுத் துணியை எடுத்து மடித்து வைத்தான். பிறகு கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு டிரம்மின் வாரைத் தோளில் மாட்டினான். "தனியா விடமாட்டேன். நானும் வரேன். ஒரு கீறல் விழுந்தாலும் கழட்டிக்கிட்டு வந்துடுவேன்."

இரும்புக் கதவில் சோதனை செய்யும் பெண்மணி டிரம்மை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தாள். "ஊர்வலம் நாளைக்குத்தானே வெஸ்லி? வழி தப்பிடுச்சா?"

"எங்கக்கா என்னைத் தப்ப வச்சுட்டா," என்றான் அவன்.

மாடியில் அறுபது எழுபது பிள்ளைகள் இருந்தார்கள். வெஸ்லி படியேறி வருவதைப் பார்த்து யாரோ விசிலடித்தார்கள். அதற்கு முன்பே எட்னா கீழே மேசைவிரிப்பு ஒன்றால் மன்னரை மூடி, விளிம்பை ஊக்குகளால் குத்தியிருந்தாள். ஊக்குக்கு அங்கே பஞ்சமில்லை. ஆளுக்குப் பத்து மாட்டியிருந்தார்கள். டியர்னி கதவருகே கைகட்டி நின்றார். அவருக்கு விரிப்பின் அடியில் இருப்பது என்னவென்று தெரியாது.

முதல் பாட்டிலேயே டிரம் நகர ஆரம்பித்தது. தோளில் மாட்டி நடப்பதற்காகச் செய்தது அது. கால்கள் கிடையாது. இருபுறமும் பீர்ப் பெட்டி முட்டுக்கொடுத்தும், ஃபெர்கல் மிதிக்க மிதிக்க முன்னால் போனது. இரண்டாவது பாட்டில் மேடை விளிம்புக்கே வந்துவிட்டது. வெஸ்லி எழுந்தான். கழற்றப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் மேடையில் மண்டியிட்டு, டிரம்மை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப மிதி," என்று கத்தினான்.

ஃபெர்கல் மிதித்தான். விரிப்பு அந்த அதிர்ச்சியில் ஊக்கை அறுத்துக்கொண்டு விழுந்தது.

வெள்ளைக் குதிரையும் மன்னரும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். முன்வரிசையில் ஆட்டம் நின்றது. பாட்டும் நின்றது. பாதிப் பிள்ளைகளின் தகப்பன்மார் அந்தப் படத்தைக் கண்டால் கல்லெடுப்பவர்கள். மீதிப் பேரின் தகப்பன்மார் அதன் பின்னால் நடப்பவர்கள். டியர்னி கட்டியிருந்த கையை எடுத்தார். எட்னா அசையவே இல்லை. வெஸ்லி டிரம்மை விடவும் முடியாமல், மூடவும் முடியாமல், குதிரைக்குப் பக்கத்தில் தலையை நீட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தான்.

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. பச்சைத்தல.

"யோவ், அந்தக் குதிரை டிக்கெட் வாங்குச்சா?"

யாரோ சிரித்தார்கள். "ஆத்தத் தாண்டி வருது, விடுங்கப்பா, ஷூ ஈரமா இருக்கும்," என்றது இன்னொரு குரல்.

"ஷூவத் துடைக்காம ஒருத்தரும் மேல வர முடியாது," என்றாள் எட்னா. "ராஜாவா இருந்தாலும்."

சிரிப்பு சுவரில் மோதித் திரும்பியது. ஃபெர்கல் வெஸ்லியைக் குனிந்து பார்த்தான். "பிடிச்சுக்கிறீங்களா சார்?"

"நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ ஏன் நிறுத்தின?"

கடைசிப் பாட்டு வரை அவன் அப்படியே இருந்தான். அறை முழுக்கக் குதித்தது. தரை தாங்குமா என்று டியர்னி கீழே வந்து கூரையைப் பார்த்துவிட்டு மறுபடி மேலே போனார். ஆறு மணிக்கு முன்பே பிள்ளைகள் எல்லோரும் பேருந்துக்கு ஓடிவிட்டார்கள். ஒரு கண்ணாடிக் குவளை உடைந்திருந்தது, அதுவும் ட்ரெவரின் முழங்கை பட்டு. டியர்னி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் ஞாயிறு. ஞாயிறு எல்லா மதுக்கடைகளும் அடைப்பு. தூறல் இருந்தது. ஊர்வலம் பத்தரைக்குப் போனது. வெஸ்லிக்குத் தோள் வலி, ஆனாலும் முழுத் தூரமும் அடித்தான். எட்னாவும் நானும் பதினோரு மணிக்கு மாடியைக் கழுவப் போனோம். டியர்னி முன்னமே வந்து நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார். பெரும்பாலும் குடிக்கும் வயது வராத பிள்ளைகள், அதனால் லெமனேடு தீர்ந்துவிட்டது, அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு பெட்டி சொல்லிவை என்றார். எட்னா சரி என்றாள். பிசுபிசுப்பு போக மூன்று தடவை தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு மணிக்கு வேலை முடிந்தது. பேருந்து வரவில்லை. நடந்து போனோம். அவள் வீட்டில் உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்றோம். பிறகு அவள் துணி தேய்த்தாள்.