பாதியில் நின்ற ஊசி

குற்றாலத்தில் சீசன் டூட்டி என்றால், நாள் முழுக்க அருவிக்கரையில் விசில் ஊதி வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டும். போலீஸ்காரரான அப்பாவுக்கு ஈரப் பூட்ஸுக்குள் கால் ஊறி ஊறி விரலிடுக்கில் புண் வந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டது. திருநெல்வேலியில் சேர்த்தபோது, புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்து இதய வால்வில் போய் உட்கார்ந்துவிட்டது என்றார் டாக்டர். ஆறு வாரம் விடாமல் நரம்பில் மருந்து ஏற வேண்டுமாம்.

மூன்றாம் வாரம் காய்ச்சல் விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதேன். எட்டு வயதில் என் துக்கம், அப்பா இல்லாததால் அருவியில் என்னையும் எல்லோரையும்போல வரிசையில் நிறுத்திவிட்டார்கள் என்பது.

"ஏட்டி, இதுக்கா இந்த அழுகை? அப்பாவுக்கு இப்ப என்ன, நல்லாத்தானே இருக்கேன்!"

அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறுநாளே தென்காசி வீட்டுக்கு வந்துவிட்டார்.

பத்து நாளில் காய்ச்சல் திரும்பியது. படுத்தால் மூச்சு முட்டியதால் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். தூக்கத்திலும் எங்கப்பா டூட்டி பார்க்கிறார் என்று பள்ளியில் பெருமையடித்துக்கொண்டேன்.

மறுபடி கொண்டுபோனபோது வால்வு அரித்துப்போயிருந்தது. ஆபரேஷனை உடம்பு தாங்காது என்றார்கள்.

"பாதி மருந்துல யாரும்மா கூட்டிட்டுப் போகச் சொன்னா?" என்று டாக்டர் கத்தினார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"நாந்தான் சார். வீட்டுல ஆளில்லன்னு நாந்தான் கூப்புட்டேன்" என்றாள் அம்மா.

பக்கத்தில் நின்ற அத்தை, அப்பாவின் அக்கா, தன் வீட்டாரிடம் திரும்பினாள்: "கேட்டியளா, அவ வாயாலயே சொல்லுதா."

மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

இப்போது என் மகனுக்கு ஐந்து நாள் மருந்து எழுதினால், குணமான பிறகும் ஐந்து நாளும் கொடுக்கிறேன். கொடுத்துவிட்டு, கொடுத்தேனா என்று பாட்டிலைத் தூக்கிப் பார்க்கிறேன். நான் அழாவிட்டாலும் அப்பா வந்திருப்பார் என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது.

அன்று எனக்கு இருந்ததெல்லாம் தப்பித்துக்கொண்ட நிம்மதிதான். அம்மா சொன்ன அந்த ஒரு பதிலோடு அப்பா வீட்டார் வாசல் அம்மாவுக்கு அடைபட்டுப்போகும் என்று எனக்குத் தெரியாது. அத்தை அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான், பழி என்மேல் விழாதபடி, அம்மா அதைச் சொன்னாள் என்பதும் தெரியாது.