தண்ணீர் ஊற்றாத ஜாடி

எங்கள் ஏல நிறுவனத்தில் விற்பனைக்கு வரும் பழம்பொருள் ஒவ்வொன்றைப் பற்றியும் அச்சுப் பட்டியலில் இரண்டு பேர் எழுதுவோம். பெருமையை எழுதுவது நான். குறையை எழுதுவது அடுத்த மேசை அக்கா. கைப்பிடி போன கோப்பையைக்கூட நான் "அரிய வேலைப்பாடு" என்று ஆரம்பித்துவிடுவேன்; அதற்குத்தான் சம்பளம். அக்கா அதையே கையில் எடுத்து, விளிம்பில் நகத்தை ஓடவிட்டு, "கைப்பிடி இல்லை. விளிம்பில் இரண்டு இடத்தில் சில்லு பெயர்ந்துள்ளது. உள்ளே கறை" என்று முடித்துவிடுவார்.

இருபத்திரண்டு வருடமாக அவருக்கு இதே வேலை. முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் நொட்டை அக்கா. அது அவருக்கும் தெரியும். அவருடைய கணவர் ஒருமுறை எங்களிடம் சொன்னார்: "என்னைப் பத்தி மட்டும் பட்டியல் இல்லைன்னு நினைக்காதீங்க. எழுதி வச்சிருக்கா, இன்னும் அச்சுக்குத் தரலை, அவ்வளவுதான்." அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கணவரின் சட்டைக் காலர் ஒரு பக்கம் ஏறியிருப்பதைச் சொல்லாமல் விடவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் அக்கா மகா கறார். குறைக் கட்டத்தில் ஒரு நல்ல வார்த்தை வரக்கூடாது. "சிறிய கீறல்" என்று நான் திருத்திக் கொடுத்தால் "சிறிய" என்பதை அடித்துவிட்டு நீளத்தை அளந்து போடுவார். நல்ல வார்த்தையெல்லாம் உன் மேசையோடு நிற்கட்டும் என்பார்.

ஒரு வருடம் அக்காவின் அம்மா இறந்துபோனார். பள்ளிச் சீருடை தைத்தே இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவர். வீட்டைக் காலி செய்தபோது தையல் மெஷின், கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் அக்காவும் அவருடைய அண்ணனும் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். ஒரு ஜாடியில் வந்து மாட்டிக்கொண்டார்கள். வெள்ளைப் பீங்கானில் நீலப் பூ வேலை, இரண்டு பக்கமும் காது, மேலே குமிழ் வைத்த மூடி. அப்பா எங்கோ வெளியூர் போய் வாங்கிவந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்த ஜாடி. அலமாரி உச்சியில் இருக்கும். பிள்ளைகள் கிட்டே போனாலே அம்மா கத்துவார். "அதுல கை விடாதீங்க, தண்ணி ஊத்தாதீங்க" என்பதுதான் அந்த வீட்டின் சட்டம். அப்பா போன பிறகும் சட்டம் மாறவில்லை. ஒரு நாள்கூட அதில் பூ வைத்ததில்லை.

யாருக்கு என்று முடிவாகாமல், கடைசியில் எங்கள் ஏலத்திலேயே விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொள்வது என்று ஆயிற்று. அண்ணன் போனில் பேசியதை அக்காவே என்னிடம் சொன்னார்: "உன் ஆபீஸ், உன் பேனா. நொட்டை சொல்லி விலையை இறக்கிட்டு, ஆள் வச்சு நீயே எடுத்துக்கப் போறே."

இரண்டு நாள் அக்கா ஜாடியைத் தொடவில்லை. வேறு யாராவது எழுதட்டுமே என்றார் முதலாளி. வேறு யார் இருக்கிறார்கள் என்று அக்கா கேட்டார். நான் என் குணத்துக்குத் தகுந்தாற்போல, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டால் தீர்ந்தது என்றேன். அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

குறை இருப்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஒன்பது வயதில் மூடிக் குமிழை உடைத்து, யாருக்கும் தெரியாமல் பசை போட்டு ஒட்டி வைத்தவரே அவர்தான். எழுதினால் அண்ணன் உறவு போகும். எழுதாவிட்டால் இத்தனை வருடம் எழுதியதற்கு அர்த்தமில்லை.

மூன்றாம் நாள் ஜாடியை ஊதா விளக்கு அறைக்கு எடுத்துப்போனார். திரை போட்ட சின்ன அறை. அந்த வெளிச்சத்தில் பழைய பசை தனியாக மின்னும். வெளியே வந்தபோது முகம் சரியில்லை. குமிழ் மட்டுமல்ல, இடது காதும் மின்னியிருக்கிறது. அது யார் வேலை என்று அவருக்குத் தெரியாது. இரண்டையும் எழுதினார். வழக்கம்போல, விற்பவர் கையெழுத்துக்காக ஒரு பிரதி அண்ணனுக்குப் போனது.

மறுநாள் காலையிலேயே அண்ணன் காகிதமும் கையுமாக வந்து நின்றார். நான் நினைச்ச மாதிரியே பண்ணிட்டே என்றார். அக்கா அவரை விளக்கு அறைக்குக் கூட்டிப்போய், என்னையும் கண்ணாடி பிடிக்கக் கூப்பிட்டார்.

"இந்தக் குமிழ் நான்தான். ஒன்பது வயசுல."

அண்ணன் குமிழைப் பார்த்தார். பிறகு காதைப் பார்த்தார்.

"காது நான்," என்றார். "பந்து பட்டுப் போச்சு. அம்மா துணி வாங்கப் போயிருந்தாங்க."

இருவரும் திருட்டு முழி முழித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா கண்ணிலா இது படாமல் போயிற்று என்று ஆச்சரியப்பட்ட அண்ணன், சட்டென்று, உள்ளே பார்த்தியா என்று கேட்டார். அக்கா பார்க்கவில்லை. கைக்கு வந்த எந்தப் பாத்திரத்தின் உள்பக்கத்தையும் துழாவாமல் விடாதவர், இதற்குள் மட்டும் கை விடவே இல்லை. அது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

மெதுவாகக் கையை விட்டார். கழுத்துக்குக் கீழே விரல் நின்றுவிட்டது. நான் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தேன். அண்ணன் டார்ச் அடித்தார். உள்பக்கம் ஒரு நீள விரிசல். அதன்மேல், சுருக்கமே இல்லாமல் ஒட்டிய பச்சைத் துணிப்பட்டை. பிரியாமல் இருக்கத் தையல்காரர்கள் வெட்டுவதுபோல், ஓரம் முழுக்கப் பல் பல்லாக வெட்டியிருந்தது.

"நம்ம ஸ்கூல் யூனிபாரம்," என்றார் அக்கா.

"தண்ணி பட்டா துணி பிரிஞ்சிடும்," என்றார் அண்ணன். கொஞ்சம் பொறுத்து, "நம்மளைவிட அம்மாதான் அப்பாவுக்கு ரொம்ப பயந்திருக்காங்க."

அக்கா அழுதுவிட்டார். அண்ணன் காகிதத்தை நீட்டி, இதையும் எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அக்கா மூன்றாவது வரியை எழுதினார்: "கழுத்தின் உட்புறம் விரிசல், துணி ஒட்டிய பழைய சீரமைப்பு, மிக நேர்த்தியானது." கடைசி இரண்டு சொல்லை முதலாளி சுழித்து அனுப்பினார். இருக்கட்டும் என்று எழுதி அக்கா திருப்பி அனுப்பினார். அச்சில் அப்படியே வந்தது. என் கட்டத்தில் நான் உயரத்தையும் நிறத்தையும் மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டேன்.

ஏலத்தன்று இருவரும் கடைசி வரிசையில் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்று குறையோடு நல்ல விலை எங்கே வரும்? சுமாராகத்தான் போயிற்று. எடுத்தவர் ஒரு வயதான பல் மருத்துவர். ஜாடியைக் காகிதத்தில் சுற்ற விடாமல் கையிலேயே ஏந்திக்கொண்டு, எங்களைக் கடந்து போகும்போது நின்று, மூடியை எடுத்துவிட்டு இதில் பூ வைக்கலாமா என்று பொதுவாகக் கேட்டார்.

"வைங்க. தண்ணி மட்டும் ஊத்தாதீங்க," என்றார்கள் அண்ணனும் தங்கையும், ஒரே நேரத்தில்.